அவையறிய ஓர் அருஞ்சொல்

சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் இருக்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. கர்நாடக நவாபின் ஆளுகையில் ஜாகிர்தார் ஒருவரால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, வெவ்வேறு உயரங்களில் மூன்று அடுக்கு மதில்கள், நிலவறைகள், மேலே உள்ள கோட்டை மேட்டையும் கீழே உள்ள பேட்டையையும் இணைக்கும் சுரங்க வழி என அமைந்த இக்கோட்டை, இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நவாப் பதவிக்காக ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியும் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபும் மோதிக்கொண்ட 1751-ஆம் ஆண்டின் வாலிகண்டபுரம் போரைக் கண்ட கோட்டை இது.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி நம் மாணவர்கள் மேடையேறிப் பேசும் வாய்ப்புகள் பல. ஏப்ரல் 18 உலக மரபு நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். பேச்சுப் போட்டிகளில் நடுவராக அமர்ந்த அனுபவத்தில், பல மாணவர்களிடம் ஒரே இடறலைக் கண்டிருக்கிறேன். சரளமாகத் தமிழில் பேசிவரும் பேச்சு, திடீரென ஓர் அரிய ஆங்கிலச் சொல்லின் முன் வந்து நிற்கும். சிலர் அதை விழுங்கிவிட்டு விரைவார்கள். சிலர் இரண்டு மூன்று முறை முயன்று, முகம் சிவந்து, அடுத்த வரியை மறந்துவிடுவார்கள். சிலர் அழகாக உச்சரிப்பார்கள். ஆனால், அதன் பொருள் அவையில் யாருக்கும் தெரியாது. பல வேளைகளில் பேசியவருக்கும் தெரியாது. மூன்றாமவருக்குத்தான் பெரும்பாலும் கைதட்டல் கிடைக்கிறது. கவலைக்குரியது அதுதான்.

முறையான மேடையில் அரிய ஆங்கிலச் சொல் ஒன்றைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. துறை சார்ந்த பேச்சில் அது தவிர்க்க முடியாத கட்டங்கள் உண்டு. ஆனால், அச்சொல்லைச் சொல்பவர் அவைக்குக் கடன்படுகிறார். அந்தக் கடனை அங்கேயே, அப்போதே தீர்க்க வேண்டும். சொல்லை அசை அசையாகப் பிரித்துத் தெளிவாக ஒலிப்பது, ஒரே தொடரில் பொருள் சொல்வது, அதற்குரிய தமிழ்ச் சொல்லை அருகில் நிறுத்துவது ஆகிய மூன்றும்தான் அக்கடனைத் தீர்க்கும் வழிகள். இவை மூன்றும் கற்றுக்கொள்ளக் கூடியவை, கற்பிக்கவும் கூடியவை.

முதலில், பிரிப்பது. ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே சிறு புள்ளிகளோ கோடுகளோ இட்டிருப்பதைப் பார்த்திருப்போம். அச்சில் ஒரு சொல் வரியின் முடிவில் இடம் கொள்ளாதபோது எங்கே இடைக்கோடு இட்டு உடைக்கலாம் என்பதைக் காட்டுவதே அவற்றின் முதன்மையான பணி. இதிலும் ஆங்கிலேயரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 'நாலெட்ஜ்' என்ற எளிய சொல்லையே எடுத்துக்கொள்வோம். அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற வேர்ச்சொல்லின் எழுத்துகள் முடியும் இடத்தில் உடைப்பது பழைய பிரித்தானிய மரபு. காதில் 'நால்' என ஒலிக்கும் அசை முடியும் இடத்தில் உடைப்பது அமெரிக்க மரபு. பொருளின் வழியே செல்வது முதல் முறை. ஒலியின் வழியே செல்வது இரண்டாவது முறை.

மேடையில் பேசுபவருக்கு இவ்விரண்டு பிரிப்புகளும் வேண்டும். ஆனால், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாக்குக்குத் தேவை ஒலிப் பிரிப்பு. மூளைக்குத் தேவை பொருள் பிரிப்பு.

ரஞ்சன்குடிக் கோட்டையின் சுரங்க வழியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு வரும் மாணவர், அதை 'சப்டரேனியன்' வழி என்று சொல்லக்கூடும். ஒலிக்கும்போது சப்-ட-ரே-னி-யன் என ஐந்து அசைகள். அழுத்தம் 'ரே' மீது. பொருள் நோக்கில் பிரித்தால், 'கீழே' என்னும் பொருளுடைய 'சப்', 'மண், நிலம்' என்னும் பொருளுடைய 'டெரா' என்ற இரு லத்தீன் கூறுகள் வெளிப்படும். நிலத்தின் கீழ் உள்ளது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. கவனித்துப் பாருங்கள், ஒலிப் பிரிப்பில் 'டெரா' என்ற கூறே நடுவில் உடைந்துவிடுகிறது. ஒலிக்கும் கோடு வேறு, பொருளின் கோடு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த மாணவரே, 'நிலவறை', 'சுரங்க வழி' என்னும் சொற்கள் தம் வீட்டிலேயே இருக்கின்றனவே என்று புரிந்துகொள்வார்.

சொல்லை அசை பிரிப்பது நமக்குப் புதிய வித்தை அன்று. யாப்பிலக்கணம் பயிலும் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் நேர், நிரை என அலகிட்டு, தேமா, புளிமா என வாய்பாடு சொல்லப் பழகியவர்தாம். தமிழ் அசையும் ஆங்கில அசையும் ஒன்றல்ல என்பது உண்மை. இரு குறில்கள் இணைந்து ஒரே நிரையசை ஆவது நம் முறை. ஆங்கிலத்தில் அவை இரண்டு அசைகளாகவே நிற்கும். ஆனால், நீண்ட சொல்லைக் கண்டு மிரளாமல், அதைத் துண்டு துண்டாகக் காணும் பயிற்சி நம் வகுப்பறையில் ஏற்கெனவே உள்ளது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அடுத்தடுத்த அறைகளில் ஒரே திறனைத் தனித்தனியாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டையும் இணைத்துக் காட்டுவார் இல்லை.

அச்சு முறையிலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் வரி முடிவில் சொல்லை உடைக்கப் பெரும்பாலும் இடைக்கோடே இடுவதில்லை. புள்ளி பெற்ற மெய்யெழுத்து அடுத்த வரியின் தலையில் வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருக்கிறோம். ஆகவே, தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதி இடைக்கோடு இடுவது அச்சுக்கான வழக்கம் அன்று. பேசுபவர் தமக்காகத் தம் குறிப்புத்தாளில் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதைச் செய்ய யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆங்கில ஒலிப்பில் நமக்கு உண்மையில் சிக்கலாவது அசைகளின் எண்ணிக்கை அன்று, அழுத்தம். தமிழில் ஒரு சொல்லின் அசைகளை ஏறக்குறைய ஒரே விசையுடன் ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலிக்க, மற்றவை தாழ்ந்து ஒலிக்கும். ஓங்கும் அசை இடம் மாறினால், எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் கேட்பவருக்குச் சொல் பிடிபடாது. நல்வாய்ப்பாக, நீண்ட சொற்கள் பலவற்றுக்கு ஓர் எளிய விதி உண்டு. 'ஷன்' என முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசை ஓங்கும். 'லஜி' என முடியும் துறைப் பெயர்களில் அந்த 'ல'வுக்கு முந்தைய அசை ஓங்கும். இந்த இரண்டு விதிகளை மட்டும் அறிந்தாலே மேடையில் எதிர்ப்படும் அரிய சொற்களில் கணிசமானவற்றைத் துணிவோடு ஒலிக்கலாம்.

கோட்டைகளைப் பற்றிய நூல்களில் வரும் 'கிரெனலேஷன்' என்ற சொல்லை இப்படி அணுகிப் பார்ப்போம். கிரெ-ன-லே-ஷன், அழுத்தம் 'லே' மீது. அடுத்தது பொருள். 'அது கட்டடக்கலையின் ஓர் அம்சம்' என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. 'பாட்டில்மென்ட்' என்று சொன்னால், ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டைச் சாவியாகக் கொடுத்ததாகும். 'கோட்டை மதிலின் உச்சியில், பல் வரிசையைப் போல ஒரு மேடும் ஓர் இடைவெளியுமாக மாறி மாறி வரும் அமைப்பு. மேட்டின் பின்னால் வீரன் மறைந்துகொள்வான், இடைவெளியின் வழியே எதிரியைத் தாக்குவான்' என்று சொன்னால் அவையின் கண்முன் மதில் எழுந்துவிடும்.

பொருள் சொல்வதன் இலக்கணம் இதுதான். அது எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகையில் பிறவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது, அதனால் என்ன பயன் ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை இருக்க வேண்டும். விளக்கத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும், விளக்கப்படும் சொல்லைவிட எளியதாக இருக்க வேண்டும். முடிந்தால், அது எது அன்று என்பதையும் சொல்லிவிடலாம். ஒலியால் மயக்கம் தரும் சொற்களில் இது மிகவும் இன்றியமையாதது.

மூன்றாவது, தமிழ்ச் சொல்லை அருகில் நிறுத்துவது. 'கிரெனலேஷனுக்கு' மிக அண்மையில் நிற்கும் பழந்தமிழ்ச் சொல் 'ஞாயில்'. மதிலில் நின்று அம்பு எய்வதற்கான உறுப்பைக் குறிக்கும் இச்சொல் புறநானூற்றில் உண்டு; மதுரையின் மதிற்பொறிகளை அடுக்கிச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் உண்டு. எயில், இஞ்சி, புரிசை, அகழி, கிடங்கு, கொத்தளம் எனக் கோட்டைக்கான சொற்களில் தமிழ் வறுமைப்பட்டதே இல்லை. மதிலை முற்றுதலையும் காத்தலையும் உழிஞைத் திணையில் விரித்துரைத்த தொல்காப்பியம் பிறந்த மொழி அல்லவா இது!

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ஞாயில்' என்பதும் இன்றைய அவைக்கு அருஞ்சொல்தான். ஆங்கில அருஞ்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் அருஞ்சொல்லை வைத்து, பொருள் சொல்லாமல் நகர்ந்தால், கேட்பவரின் நிலையில் எந்த மாற்றமும் ஏற்படாது. தமிழ்ச் சொல் என்பதாலேயே அது தானாக விளங்கிவிடும் என எண்ணுவது நம் மேடைகளில் உள்ள மற்றொரு மயக்கம். ஞாயிலுக்கும் அதே மரியாதை செய்ய வேண்டும்: நிறுத்திச் சொல்லி, பொருள் சொல்லி, பிறகு துணிந்து பயன்படுத்த வேண்டும். அடுத்த முறை அதே அவையில் அச்சொல் அருஞ்சொல்லாக இருக்காது. வழக்கிழந்த சொற்கள் இப்படித்தான் மீண்டும் உயிர் பெறுகின்றன.

கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவு சென்றால், இந்த மண் வேறொரு வகைச் சொற்களை நம் முன் வைக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த அந்தக் காலத்தைப் புவியியலார் 'கிரிட்டேஷஸ்' என்பர். கிரி-டே-ஷஸ், அழுத்தம் 'டே' மீது. 'கிரீட்டா' என்ற லத்தீன் சொல்லுக்குச் சுண்ணம், சாக்குக்கட்டி என்று பொருள். ஐரோப்பாவில் அக்காலத்துப் படிவுகள் வெள்ளைச் சுண்ணமாக இருந்ததால் வந்த பெயர். இதைச் சொல்லிவிட்டால், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஏன் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன என்பது கிராமத்துச் சிறுவனுக்கும் விளங்கிவிடும்.

இந்தப் புதைபடிவங்களை ஆராயும் துறை 'பேலியன்டாலஜி'. ஒலிப் பிரிப்பு பே-லி-யன்-டா-ல-ஜி; முன்னர்க் கூறிய விதிப்படி 'டா' ஓங்கும். பொருள் பிரிப்பில் கிரேக்கக் கூறுகள் மூன்று: பழமை, இருப்பவை, ஆய்வு. அதாவது, பழங்காலத்தில் இருந்த உயிர்களைப் பற்றிய ஆய்வு. தமிழில் 'தொல்லுயிரியல்'. தொல், உயிர், இயல் என்ற நம் மூன்று துண்டுகளும் கிரேக்கத்தின் மூன்று துண்டுகளுக்கு நேர் நிற்கின்றன. இதில் தமிழ்ச் சொல்லுக்குத் தனி விளக்கமே தேவையில்லை. சொல்லே விளக்கமாக அமைந்துவிட்டது. நல்ல கலைச்சொல்லின் அடையாளம் அது.

சாத்தனூரில் உள்ள கல்மரம் இன்னும் அழகான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் பழமையான, 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தைப் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்கு அறிவித்தார். 'பெட்ரிஃபைட்' மரம் என்பது ஆங்கில வழக்கு. பெட்-ரி-ஃபைட், இதில் அழுத்தம் முதலசையில். 'பெட்ரா' என்றால் பாறை. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் கனிமம் கலந்த நீர் ஊறி, மரத்தின் நுண்ணறைகளில் கனிமம் படிந்து, காலப்போக்கில் மரத்தின் வடிவம் மாறாமலேயே அது கல்லாகிவிடுவது என்று ஒரே தொடரில் பொருள் சொல்லிவிடலாம். மக்கள் வழக்கில் உள்ள 'கல்மரம்' என்னும் சொல்லோ இவ்வளவையும் ஐந்தே எழுத்துகளில் சொல்லிவிடுகிறது.

இதே மண்ணில் மற்றொரு பக்கமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் எச்.எஃப். பிளான்ஃபோர்டு போன்ற புவியியலார் இப்பகுதியின் பாறைகளை ஆராய்ந்து வகைப்படுத்தினர். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் ஆகிய பெயர்கள் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக உலகப் புவியியலில் நிலைபெற்றன. காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கள்ளமேடு எனச் சிற்றூர்களின் பெயர்கள்கூட அந்தப் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டில் நடக்கும் கருத்தரங்கில் 'கல்லங்குறிச்சி'யை ஒலிக்க வேண்டிய அறிஞர் ஒருவர், தம் தாளில் அதை நான்கைந்து துண்டுகளாக உடைத்துத்தானே எழுதிவைத்துக்கொள்ள முடியும்? அதை யாரும் குறையாகக் கருதுவதில்லை. வாலிகண்டபுரத்தை 'வால்கொண்டா' என்றும் திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினாபாலி' என்றும் எழுதியவர்கள் அதற்காக நாணியதாகத் தெரியவில்லை. பிறமொழிச் சொல் முன் நாக்கு தயங்குவது எல்லா மனிதருக்கும் இயல்பு. பெரம்பலூரின் அரசுப் பள்ளி மாணவி மட்டும் அதற்காக ஏன் தலைகுனிய வேண்டும்?

இதுவரை சொன்னவை கோட்டையும் கல்மரமும். அங்கே ஒரு சொல் விளங்காமல் போனால் அறிவு மட்டுமே இழப்பு. வாழ்வே இழப்பாகும் மேடைகளும் இதே மாவட்டங்களில் உண்டு.

அன்று கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர்ப் பகுதியின் சிமென்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். பெரிய சுரங்கம் அமைக்கவோ விரிவாக்கவோ அனுமதி பெறும் நடைமுறையில், 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்படுகிறது. மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை வகிப்பார். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி மாநிலத்தின் அலுவல் மொழியிலோ வட்டார மொழியிலோ தரப்பட வேண்டும். கூட்ட முடிவில், மக்கள் கூறிய கருத்துகளின் தொகுப்பை அவையில் வாசித்து, உள்ளூர் மொழியில் விளக்கிச் சொல்லவும் வேண்டும். சட்டம் மொழியைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது.

ஆனால், மொழிபெயர்ப்பு என்பது எழுத்துமாற்றம் ஆகிவிட்டால் என்ன பயன்? இத்தகைய அறிக்கைகளில் வழங்கும் சில சொற்களைப் பாருங்கள். 'பெனிஃபிஷியேஷன்': பெ-னி-ஃபி-ஷி-யே-ஷன், அழுத்தம் 'யே' மீது. ஒலியைக் கேட்டால் 'பெனிஃபிட்', அதாவது நன்மை என்ற சொல்லே நினைவுக்கு வரும். ஊருக்கு ஏதோ நன்மை செய்யப்போகிறார்கள் என ஒருவர் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில், தரம் குறைந்த தாதுவை உடைத்து, சலித்து, கழுவித் தரமுயர்த்துவதற்கு அது பெயர். 'கனிமத் தரமேற்றம்' எனலாம். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கழுவிய கழிவு எங்கே போகும் என்று கேட்க வேண்டியவர், அந்தச் சொல்லில் 'நன்மை' ஒலிப்பதைக் கேட்டு அமைதியாக இருந்துவிடக் கூடும்.

'ஃபியூஜிட்டிவ்' தூசு என்பது மற்றொன்று. ஃபியூ-ஜி-டிவ். ஓடி ஒளிபவர், தப்பியோடியவர் என்பதே அச்சொல்லின் பொது வழக்கு. சுற்றுச்சூழல் துறையில், புகைபோக்கி வழியே அளந்து வெளிவரும் தூசு அன்று. லாரி ஓடும் மண் பாதையிலும், குவித்த மண்ணிலும், வெடி வைக்கும் இடத்திலும் கட்டுக்கடங்காமல் எழும் தூசு என்று பொருள். பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் படியும் அந்தத் தூசைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது விளங்கினால், பேச வேண்டியவர் எழுந்து பேசுவார்.

'ஓவர்பர்டன்' என்பதை அப்படியே 'மேற்சுமை' என்று பெயர்த்தால் யார் தலையில் என்ன சுமை என்பது புரியாது. சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் படிந்திருப்பதால் அகற்றிக் குவிக்கப்படும் மண்ணும் பாறையும் அது என்று சொல்ல வேண்டும். 'டீவாட்டரிங்' என்றால் சுரங்கக் குழியில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது. அருகில் கிணறு வைத்திருப்பவருக்கு இதைவிட முக்கியமான சொல் வேறு இல்லை. 'மிடிகேஷன்' என்றால் தணிப்பது, நீக்குவது அன்று. பாதிப்பைத் தணிப்பதற்கும் இல்லாமல் ஆக்குவதற்கும் உள்ள தொலைவை, அந்தச் சொல்லை விளக்காமல் கடந்துசெல்லும் பேச்சு மறைத்துவிடுகிறது.

மக்கள் மொழியில் விளக்குவது சலுகை அன்று, கடமை என்பதை நீதிமன்றமும் உணர்த்தியிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-இல் உத்தரவிட்டது. ஒருவருக்குப் புரியாத மொழியில் கருத்துக் கேட்டால், அது கேட்டதாகவே ஆகாது என்பதுதான் அதன் உட்பொருள். புரியாத சொல்லுக்கும் இது பொருந்தும்.

தமிழில் சொல் இல்லையே என்ற தயக்கத்துக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் அருஞ்சொல் தொகுதிகளையும் உருவாக்கினார். சேலத்தில் 1916-இல் ராஜாஜி உள்ளிட்டோர் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனவே ஓர் அமைப்பைத் தொடங்கினர். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதையொட்டி ஆட்சிச் சொல்லகராதி வந்தது. இன்று தமிழக அரசின் 'சொற்குவை' இணையத்திலேயே கிடைக்கிறது. பிறமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது எப்படித் திரிய வேண்டும் என்பதற்கு நன்னூலே விதி வகுத்திருக்கிறது. நம்மிடம் குறைந்திருப்பது சொல் அன்று. மேடைக்குப் போகும் முன் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும் பழக்கம்.

அந்தப் பழக்கத்தைச் சிறு நடைமுறையாகவே சொல்லிவிடலாம். பேச்சுக்குறிப்பில் வரும் ஒவ்வோர் அருஞ்சொல்லையும் தமிழ் எழுத்தில், இடைக்கோடு இட்டு, ஓங்கும் அசைக்குக் கீழே அடிக்கோடிட்டு எழுதுங்கள். கீழே ஒரே தொடரில் பொருள், அதற்கும் கீழே தமிழ்ச் சொல். முந்திய நாள் அதை வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். மேடையில் முதன்முறை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, உடனே பொருள் சொல்லி, பின்னர் பேச்சு முழுவதும் தமிழ்ச் சொல்லையே ஆளுங்கள். ஒரு பேச்சில் இப்படி இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம். பொருள் சொல்ல முடியாத சொல் எதுவானாலும், எத்தனை அழகாக ஒலித்தாலும், அதைத் தாளிலிருந்தே அடித்துவிடுங்கள்.

நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உச்சரிப்பில் சிறிது இடறியும் பொருளைத் தெளிவாக்கிய மாணவருக்கு, பளபளப்பாக உச்சரித்துப் பொருள் சொல்லாமல் சென்றவரைவிடக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். நாம் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோமோ அதைத்தான் அடுத்த ஆண்டு மாணவர்கள் பயின்று வருவார்கள். இன்று பேச்சுப் போட்டியில் புரியாத சொல்லுக்குக் கைதட்டுப் பெற்றவரே நாளை அலுவலராகவோ ஆலோசகராகவோ ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போகிறார்.

திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வைத்தார். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, கேட்பவர் யார் என்பதும் தெரிய வேண்டும். தெரிந்தபின் அஞ்சாமல் சொல்லவும் வேண்டும் என்ற அந்த வரிசை இன்றைய மேடைக்கும் மாறாதது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. மேடையில் இருப்பவர் யாராக இருந்தாலும், விளங்காத சொல் ஒன்று வந்தால் கை உயர்த்தி, 'ஐயா, அதற்கு என்ன பொருள்?' என்று கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே பழக்க வேண்டும். அந்தக் கேள்வி அறியாமையின் அடையாளம் அன்று, அவையின் உரிமை.